இருமலே இல்லாத நுரையீரல் புற்றுநோய்

நுரையீரல் புற்றுநோய்னு சொன்னதும் நம்ம மனசுல ஒரு படம் வரும். விடாத இருமல், சளியில் ரத்தம், மூச்சிரைப்பு, ஆள் இளைச்சுப் போறது. அந்தப் படம் தப்பில்லை, பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான் வருகிறது. ஆனால் கொஞ்ச நாளாக நான் படித்துக்கொண்டிருக்கும் ஒரு வகை இருக்கிறது. அது சில பேரிடம் நுரையீரல் பக்கம் இருப்பதாகவே காட்டிக்கொள்ளாது. ஒருத்தர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடியலைன்னு எலும்பு டாக்டரிடம் போவார். இன்னொருத்தருக்குப் பேச்சு குழறி, நாள் கிழமை மறந்து, வீட்டில் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போவார்கள். மூன்றாமவருக்குக் காலையில் எழுந்தால் முகம் வீங்கியிருக்கும், சிறுநீரகமோ என்று சோதிப்பார்கள். நாலாமவருக்கு சர்க்கரையும் ரத்த அழுத்தமும் திடீரென்று எகிறும். நாலு பேரும் நாலு வெவ்வேறு டாக்டர் வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். நாலு பேருக்கும் நோய் மார்புக்குள்ளே.

சிறுசெல் நுரையீரல் புற்றுநோய் என்பது அதன் பெயர். நுரையீரல் புற்றுநோய் வந்த 100 பேரில் சுமார் 15 பேருக்கு இந்த வகை. ஏறக்குறைய எல்லோருமே புகைத்தவர்கள், அதுவும் வருஷக்கணக்கில். வேகம் என்று பார்த்தால் நுரையீரல் புற்றுநோய்களிலேயே இதுதான் முன்னால் நிற்கும். கண்டுபிடிக்கும் நேரத்தில் மூன்றில் இரண்டு பேருக்கு ஏற்கெனவே வேறு உறுப்புகளுக்குப் பரவியிருக்கும். அதனால்தான் இந்த 'வேற வாசல்' விஷயம் வெறும் மருத்துவ சுவாரஸ்யம் இல்லை. தப்பான வாசலில் இரண்டு மாதம் உட்கார்ந்தால் அந்த இரண்டு மாதமும் கட்டியின் கணக்கில்தான் சேரும்.

(வழக்கமான எச்சரிக்கை: நான் டாக்டர் இல்லை. கட்டுரைகளைப் படித்துக் கோர்த்து எழுதுகிற ஆள். இதை வைத்து யாரும் தனக்குத் தானே நோய் கண்டுபிடிக்க வேண்டாம்.)

முதலில் இது ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துவிடலாம். நம்முடைய மூச்சுக்குழாய்ச் சுவரில் மற்ற செல்களுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒரு விசேஷமான செல் இருக்கும். பாதி நரம்பு, பாதி சுரப்பி. காற்றில் உள்ள மாற்றங்களை உணர்ந்து சில வேதிப்பொருள்களை வெளியே விடுவது அதன் வேலை. சிறுசெல் புற்றுநோயும் இந்தக் குணம் கொண்ட செல்களால் ஆனதுதான். அதனால் அதற்கு இரண்டு சொத்து கைவசம் இருக்கிறது. ஒன்று, ஹார்மோன் தயாரிக்கத் தெரியும். இரண்டு, நரம்பு செல்களில் மட்டும் இருக்க வேண்டிய சில புரதங்கள் அதன் மேலும் உள்ளேயும் இருக்கும். முதல் குணத்தால் உடம்பின் உப்பும் சர்க்கரையும் கெடும். இரண்டாவதால் நம்முடைய நோய் எதிர்ப்பு சக்தி கட்டியை அடிக்கப் போய், அதே சாயல் கொண்ட நரம்புகளையும் சேர்த்து அடிக்கும். கட்டி நெல்லிக்காய் அளவில் இருக்கும்போதே இது நடக்கலாம். கட்டி போய் அழுத்தவோ அரிக்கவோ வேண்டியதில்லை.

இந்த நோய் ஆளை ஏமாற்றுவது இன்று நேற்று ஆரம்பித்ததல்ல. 1920கள் வரை இதை நுரையீரல் நோய் என்றே பலர் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு நுரையீரலுக்கும் நடுவே, இதயத்தை ஒட்டிய இடத்தில் பெரிய கட்டியாக இருக்கும். அங்கிருந்து பிறந்த 'சார்கோமா' என்று எழுதிவிடுவார்கள். செல்கள் பார்க்க ஓட்ஸ் தானியம் மாதிரி இருந்ததால் 'ஓட்ஸ் செல் சார்கோமா' என்றார்கள். 1926ல் இங்கிலாந்தில் பார்னார்ட் என்ற நோய்க்குறியியல் மருத்துவர்தான் இது சார்கோமா இல்லை, மூச்சுக்குழாயில் பிறந்த புற்றுநோய் என்று காட்டினார். நுரையீரலில் மூலக்கட்டி சின்னதாகவும், பரவிய நெறிக்கட்டிகள் பெரிதாகவும் இருந்ததுதான் குழப்பத்துக்குக் காரணம். பிணப் பரிசோதனை மேசையில், எல்லாவற்றையும் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தவர்களுக்கே ஊர் பேர் தெரியவில்லை என்றால், உயிரோடு இருக்கும் நோயாளியைப் பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்!

சரி, உப்புக்கு வருவோம். எனக்கு இந்த விஷயத்திலேயே ரொம்பப் பிடித்த கதை இதுதான்.

ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் இருக்க வேண்டும். 1950களில் அமெரிக்காவில் வில்லியம் ஷ்வார்ட்ஸ், ஃபிரெடெரிக் பார்ட்டர் ஆகியோர் இரண்டு நோயாளிகளைக் கவனித்தார்கள். இருவருக்கும் நுரையீரல் புற்றுநோய். இருவருக்கும் சோடியம் படுமோசமாகக் குறைந்திருந்தது. சிறுநீரகம் நன்றாக இருந்தது, அட்ரீனல் சுரப்பியும் நன்றாக இருந்தது. உப்பு கொடுத்தால் அது சிறுநீரில் போய்விடும். ஆனால் குடிக்கும் தண்ணீரைக் குறைத்தால் சோடியம் ஏறியது. அப்படியென்றால் உப்பு குறையவில்லை, தண்ணீர்தான் அதிகம். உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கச் சொல்லும் ஒரு ஹார்மோன் உண்டு. தாகமாக இருக்கும்போது மூளை அதை விடும். இந்த இரண்டு பேருக்கும் தேவையே இல்லாத நேரத்தில் அந்த ஹார்மோன் வேலை செய்துகொண்டிருக்கிறது என்று அவர்கள் 1957ல் எழுதினார்கள். வேடிக்கை என்னவென்றால் அந்த ஹார்மோனை ரத்தத்தில் சரியாக அளக்கும் வசதி அன்றைக்குக் கிடையாது. தண்ணீர், உப்பு, சிறுநீர் மூன்றின் வரவு செலவுக் கணக்கை மட்டும் எழுதி வைத்தே கண்டுபிடித்தார்கள். கட்டியே அந்த ஹார்மோனைச் செய்கிறது என்பது பின்னால் உறுதியானது. இன்று இதை எஸ்.ஐ.ஏ.டி.ஹெச். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். சிறுசெல் புற்றுநோய் உள்ளவர்களில் பத்துப் பதினைந்து சதவீதம் பேருக்கு இது வருகிறது.

சோடியம் மெதுவாக இறங்கினால் ஆளுக்கு ஒன்றும் தெரியாது. கொஞ்சம் குமட்டல், தலைவலி, நடையில் தள்ளாட்டம். 120க்குக் கீழே போகும்போது குழப்பம், உளறல், சில சமயம் வலிப்பு. எழுபது வயசுக்காரருக்கு இதெல்லாம் வந்தால் வீட்டில் என்ன சொல்வோம்? 'வயசாயிடுச்சு'ன்னுதான். நம்ம ஊர் மருத்துவமனைகளில் இதற்கு ஒரு தயார் வாக்கியம் உண்டு: "உப்புச் சத்து குறைஞ்சிடுச்சு." கேட்டதும் எல்லோருக்கும் நிம்மதி. உப்புதானே, ஏத்திடலாம்! இரண்டு நாள் படுக்க வைத்து ஏற்றி அனுப்பிவிட்டால் மூன்று வாரத்தில் மறுபடி அதே கதை.

இங்கேதான் நான் சொல்ல வரும் விஷயம் இருக்கிறது. 'உப்பு குறைஞ்சிடுச்சு' என்பது ஒரு பதில் மாதிரி ஒலிக்கிறது. உண்மையில் அது இன்னும் பதில் கிடைக்காத கேள்வி. ஏன் குறைஞ்சுது?

நியாயமாகச் சொன்னால், இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் சாதாரண பதில்தான் வரும். ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள், அதிலும் தயசைடு வகை, முதல் சந்தேக நபர். மனச்சோர்வுக்கான சில மருந்துகள் செய்யும். நிமோனியா செய்யும், காசநோயே கூடச் செய்யும். அதனால் சோடியம் குறைந்த தாத்தா பாட்டி எல்லோருக்கும் புற்றுநோய் என்று யாரும் பதற வேண்டாம். ஆனால் அந்த வரிசையை யாராவது ஒருத்தர் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும். ரத்தம் நீர்த்திருக்கிறதா, அப்படி நீர்த்திருந்தும் சிறுநீர் அடர்த்தியாகப் போகிறதா, சிறுநீரில் சோடியம் அதிகமாகப் போகிறதா, தைராய்டும் அட்ரீனலும் சரியா, மாத்திரை ஏதாவது காரணமா? எல்லாம் பார்த்தும் காரணம் கிடைக்கவில்லை, ஆள் இருபது முப்பது வருஷம் பீடியோ சிகரெட்டோ பிடித்தவர் என்றால் அடுத்தது மார்புக்கு சி.டி. ஸ்கேன். எக்ஸ்ரே மட்டும் எடுத்து 'க்ளீனா இருக்கு' என்று திருப்தி அடையக் கூடாது. இந்தக் கட்டி இதயத்தின் நிழலுக்குள் ஒளிந்துகொள்ளும் இடத்தில்தான் பெரும்பாலும் இருக்கும்.

இன்னொன்று. இந்த வகைக் குறைவுக்குச் சாதாரண சலைன் ஏற்றினால் சில பேருக்கு சோடியம் இன்னும் இறங்கும். உப்பைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிட்டுத் தண்ணீரை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும். அவசரப்பட்டு வேகமாக ஏற்றினாலும் ஆபத்து. 24 மணி நேரத்தில் எட்டுப் பத்து மில்லிமோலுக்கு மேல் ஏறினால் மூளைத் தண்டின் நரம்பு உறை சிதைந்து போகலாம். வீட்டில் உப்புத் தண்ணீர் கரைத்துக் கொடுப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது.

அடுத்தது நாற்காலியிலிருந்து எழ முடியாதவர்.

1953ல் லண்டன் மருத்துவர்கள் ஒரு விநோதமான நோயாளியைப் பற்றி எழுதினார்கள். நுரையீரலில் கட்டி, உடம்பில் தசை பலவீனம். அவருக்கு மயக்க மருந்தோடு கொடுக்கும் தசைத் தளர்த்தி மருந்து கொடுத்தபோது, சில நிமிஷங்களில் திரும்ப வேண்டிய மூச்சு நெடுநேரம் வரவில்லை. நரம்பும் தசையும் சேருமிடத்தில் ஏதோ கோளாறு என்று அப்போதே சந்தேகம். மூன்று வருஷம் கழித்து அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் எட்வர்ட் லாம்பெர்ட், லீ ஈட்டன், ரூக் மூவரும் இதை மின் பரிசோதனையில் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்கள். அதனால் லாம்பெர்ட்-ஈட்டன் நோய் என்று பெயர். பாவம் ரூக், பெயரில் இடம் கிடைக்கவில்லை.

நரம்பின் நுனியில் கால்சியம் நுழையும் சின்னச் சின்னக் கதவுகள் உண்டு. கால்சியம் உள்ளே வந்தால்தான் நரம்பு தசைக்குச் சேதி அனுப்பும் வேதிப்பொருளை விடும். அதே கதவுகள் சிறுசெல் கட்டியின் மேலும் இருக்கின்றன. உடம்பு கட்டியின் கதவுகளுக்கு எதிராக ஆன்டிபாடி செய்கிறது. அது நரம்பு நுனிக்கும் போய் ஒட்டிக்கொண்டு கதவுகளைக் குறைத்துவிடுகிறது. தொடையும் இடுப்பும்தான் முதலில் தளரும். படி ஏற முடியாது, தரையில் உட்கார்ந்தால் எழ முடியாது. கூடவே வாய் வறண்டு போகும், மலச்சிக்கல் வரும், ஆண்களுக்கு விறைப்புக் குறைவு வரும். கடைசியாகச் சொன்னதை நம்ம ஆட்கள் டாக்டரிடம் சொல்லவே மாட்டார்கள், டாக்டரும் கேட்க மாட்டார். ஆனால் அது எவ்வளவு முக்கியமான தடயம் என்று கீழே வருகிறது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு அழகான சோதனை இருக்கிறது. ஸ்கேன் எதுவும் வேண்டாம், சுத்தியல் போதும். முட்டிக்குக் கீழே தட்டினால் கால் உதறாது, அசையாமல் தொங்கும். அந்தத் தொடைத் தசையைப் பத்து நொடி நன்றாக இறுக்கச் சொல்லிவிட்டு உடனே மறுபடி தட்டினால் கால் உதறும்! இறுக்கும்போது நரம்பு நுனியில் கால்சியம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது, அதனால் சற்று நேரத்துக்குச் சேதி போய்ச் சேருகிறது. மயஸ்தீனியா என்ற பக்கத்து வீட்டு நோயில் இதற்கு நேர் எதிர், பயன்படுத்தப் பயன்படுத்தத் தசை தளரும். மின் பரிசோதனையிலும் இதே விஷயம் எண்ணாகத் தெரியும். தசையின் மின் அலை முதலில் குட்டையாக இருக்கும், இறுக்கிய பிறகு இரண்டு மடங்காகக் கூட உயரும். ஆன்டிபாடிக்கு ரத்தப் பரிசோதனையும் உண்டு.

இங்கேயும் பெயர் கிடைத்ததும் நின்றுவிடுகிற ஆபத்து இருக்கிறது. லாம்பெர்ட்-ஈட்டன் என்று கண்டுபிடித்துவிட்டோம், மருந்து கொடுத்தோம், ஆள் கொஞ்சம் நடக்கிறார், சந்தோஷம். ஆனால் இந்த நோய் வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பின்னால் சிறுசெல் புற்றுநோய் இருக்கிறது. மீதிப் பாதிக்கு வெறும் நோய் எதிர்ப்புக் கோளாறுதான். யார் எந்தப் பாதி? நெதர்லாந்து, பிரிட்டன் மருத்துவர்கள் சேர்ந்து 2011ல் இதற்கு ஒரு மதிப்பெண் முறை வெளியிட்டார்கள். வயது 50க்கு மேலா, நோய் வந்தபோது புகைப்பழக்கம் இருந்ததா, எடை ஐந்து சதவீதமாவது குறைந்ததா, பேச்சும் விழுங்குவதும் சீக்கிரமே பாதிக்கப்பட்டதா, விறைப்புக் குறைவு உண்டா, அன்றாட வேலையைத் தானே செய்ய முடியாத அளவுக்கு ஆகிவிட்டாரா. ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண், மொத்தம் ஆறு. மூன்றும் அதற்கு மேலும் எடுத்தால் புற்றுநோய் இருப்பதற்கான வாய்ப்பு 90 சதவீதத்தைத் தாண்டுகிறது. பூஜ்யமோ ஒன்றோ என்றால் மிகக் குறைவு. கேட்கக் கூச்சப்படுகிற அந்தக் கேள்விக்கும் ஒரு மதிப்பெண் இருக்கிறது பாருங்கள்.

முதல் ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல் போகலாம். அப்போதும் விடக் கூடாது. சி.டி.யில் இல்லையென்றால் பெட் ஸ்கேன், அதிலும் இல்லையென்றால் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு வருஷம் வரை பார்க்கச் சொல்கிறார்கள். புற்றுநோய் இருப்பவர்களில் அநேகம் பேருக்கு முதல் வருஷத்திலேயே தெரிந்துவிடும். இதில் நல்ல சேதியும் ஒன்று உண்டு. லாம்பெர்ட்-ஈட்டனோடு வரும் சிறுசெல் புற்றுநோயாளிகள், அது இல்லாதவர்களை விடச் சராசரியாக அதிக நாள் வாழ்கிறார்கள். கட்டி சீக்கிரம் அகப்படுவது ஒரு காரணம். உடம்பே கட்டியோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பது இன்னொரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். கட்டி குறைந்தால் தசை பலமும் திரும்புகிறது.

எல்லா நரம்புக் கோளாறும் இப்படித் திரும்புவதில்லை. 1985ல் நியூயார்க்கில் ஜெரோம் போஸ்னரின் குழு வேறொரு ஆன்டிபாடியைக் கண்டுபிடித்தது. ஆன்டி-ஹூ என்று பெயர், நோயாளியின் பெயரில் முதல் இரண்டு எழுத்தை வைத்துச் சூட்டினார்கள். இதில் குறிவைக்கப்படும் புரதம் நரம்பு செல்லின் மேலே இல்லை, உள்ளே இருக்கிறது. ஆன்டிபாடியால் உள்ளே போய் அதிகம் செய்ய முடியாது. வேலையைச் செய்வது டி செல்கள் என்ற கொலைகாரப் படை, அது செல்லையே கொன்றுவிடும். கதவை அடைத்தால் மறுபடி திறக்கலாம். வீட்டையே இடித்தால்? செத்த நரம்பு செல் திரும்ப வராது. இந்த நோயாளிகளுக்குக் கட்டி கரைந்த பிறகும் மரத்துப்போன கை மரத்தேதான் இருக்கும். எந்த நிலையில் பிடிக்கிறோமோ அந்த நிலையில் நிறுத்தி வைக்கலாம், அவ்வளவுதான். நடந்து வருபவருக்குச் சிகிச்சை ஆரம்பித்தால் அவர் நடப்பவராகவே இருக்கலாம். படுத்த பிறகு ஆரம்பித்தால் எழுவது கஷ்டம். இந்த ஒரு காரணத்துக்காகவே இங்கே வாரக்கணக்கு முக்கியம்.

அறிகுறி என்ன? கை கால் மரத்துப்போதல், எரிச்சல், வலி, கண்ணை மூடினால் கை எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் போவது. நம்ம நாட்டில் இதைச் சொன்னதும் வரும் முதல் கேள்வி, "சுகர் இருக்கா?" இருக்கும். ஐம்பது அறுபது வயதுக்காரர்களில் எத்தனை பேருக்கு இல்லை! உடனே 'சுகர் நரம்பு' என்று முடிந்துவிடும். ஆனால் இரண்டுக்கும் நடை வேறு. சர்க்கரையால் வருவது இரண்டு பாதத்திலும் ஒரே மாதிரி ஆரம்பித்து வருஷக்கணக்கில் மெதுவாக மேலே ஏறும். இது வாரக்கணக்கில் ஓடும், கையில் கூட ஆரம்பிக்கும், ஒரு பக்கம் அதிகமாகவும் இருக்கும். சர்க்கரை நோயாளிக்கு வேறு நோய் வரக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லையே.

நினைவும் குணமும் மாறும் வகையும் உண்டு. மூளையில் நினைவைக் காக்கும் பகுதி வீங்கி, ஆள் காலையில் சாப்பிட்டதை மறப்பார், சந்தேகப்படுவார், வலிப்பு வரும். இதற்குக் காரணமான ஆன்டிபாடிகளில் ஒன்று காபா-பி என்ற ஏற்பிக்கு எதிரானது. 2010ல் விவரிக்கப்பட்டது. இந்த வகை வந்தவர்களில் சுமார் பாதிப் பேருக்கு சிறுசெல் புற்றுநோய் இருக்கிறது. இது செல்லின் மேற்பரப்பில் நடக்கும் தாக்குதல் என்பதால் சிகிச்சைக்கு ஓரளவு மசியும். சில வாரங்களில் ஒரு பெரிய மனிதரின் நினைவு சரிந்தால் அது வயதான மறதி இல்லை. வயதான மறதி வருஷக்கணக்கில் வரும்.

மற்ற இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1928ல் ஹர்ஸ்ட் பிரவுன் என்ற மருத்துவர் 'தாடி வளர்ந்த பெண்களின் நீரிழிவு' என்று அன்றைக்குச் சொல்லப்பட்ட நோயோடு இறந்த ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். உள்ளே ஓட்ஸ் செல் கட்டி. குஷிங் தன் புகழ்பெற்ற கட்டுரையை எழுதியதே 1932ல்தான். கட்டி பிட்யூட்டரி சுரப்பியின் ஏ.சி.டி.ஹெச். ஹார்மோனைச் செய்து அட்ரீனலைத் தூண்டுகிறது என்பது 1960களில் நாஷ்வில்லில் கிராண்ட் லிடிலின் குழு உறுதிசெய்தது. பாடப்புத்தகக் குஷிங் நோயாளிக்கு முகம் நிலா மாதிரி உருண்டிருக்கும், வயிறு பெருத்திருக்கும். இங்கே கட்டி அவ்வளவு வேகமாக வளர்வதால் உருள நேரமே கிடைக்காது. ஆள் இளைத்துப்போவார். பொட்டாசியம் அடிமட்டத்தில் இருக்கும், சர்க்கரை எகிறும், தோல் கறுக்கும். இவர்களுக்குக் கார்டிசால் அளவைக் கட்டுப்படுத்தாமல் கீமோ ஆரம்பித்தால் தொற்று வந்து ஆபத்தாகிவிடும். அதனால் இதை முன்னாலேயே தெரிந்துகொள்வது உயிர் விஷயம்.

முக வீக்கம் வருபவருக்கு ஹார்மோனும் இல்லை ஆன்டிபாடியும் இல்லை, வெறும் குழாய் அடைப்புதான். தலையிலிருந்தும் கையிலிருந்தும் இதயத்துக்குத் திரும்பும் பெரிய சிரையைக் கட்டி நெருக்குகிறது. காலையில் முகம் உப்பும், சட்டைக் காலர் இறுகும், குனிந்தால் தலை கனக்கும், மார்பில் நீல நரம்புகள் புடைக்கும். அலர்ஜி மாத்திரை கொடுத்து அனுப்பியிருப்பார்கள். சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்தால் பாதி நோய் கண்டுபிடித்த மாதிரி.

இத்தனை சந்தேகத்துக்குப் பிறகும் திசு எடுத்துப் பார்க்காமல் புற்றுநோய் என்று சொல்ல முடியாது. எங்கே எடுப்பது? எளிதான இடத்தில். கழுத்து எலும்புக்கு மேலே ஒரு நெறிக்கட்டி தட்டுப்பட்டால் அங்கே ஊசி போதும். நெஞ்சில் நீர் கோத்திருந்தால் அந்த நீரையே பரிசோதிக்கலாம். இரண்டும் இல்லையென்றால் மூச்சுக்குழாய்க்குள் அல்ட்ராசவுண்டு வைத்த குழாயை விட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் நெறிக்கட்டியை ஊசியால் குத்தி எடுக்கிறார்கள். முன்பு இதற்கு அறுவை சிகிச்சை வேண்டியிருந்தது.

நுண்ணோக்கியின் கீழும் இது லேசில் சிக்காது. செல்கள் அவ்வளவு மென்மை. இடுக்கியால் எடுக்கும்போதே நசுங்கி நீல நிறக் கோடுகளாக இழுபட்டுவிடும். ஒரு வகையில் அந்த நசுங்கலே துப்பு, ஆனால் நிணநீர்ப் புற்றுநோயும் அப்படி நசுங்கும். அதனால் சினாப்டோஃபிசின், குரோமோகிரானின், சி.டி.56, ஐ.என்.எஸ்.எம்.1 என்று நரம்பு-சுரப்பிப் புரதங்களுக்கான சாயங்கள் போட்டுப் பார்க்கிறார்கள். கி-67 என்ற சாயம் எத்தனை செல்கள் பெருகிக்கொண்டிருக்கின்றன என்று காட்டும். சிறுசெல்லில் அது 80, 90 சதவீதம் வரை போகும். பக்கத்தில் நிற்பவர்களில் பத்தில் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் கர்ப்பமாக இருக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

நம்ம நாட்டில் இந்தப் படிக்கு முன்னால் இன்னொரு பள்ளம் இருக்கிறது. எடை குறைந்த ஆள், மார்பு நடுவே நெறிக்கட்டி, ஸ்கேனில் நிழல். இங்கே முதலில் வாயில் வருவது டி.பி.தான். அது தப்பு இல்லை, இந்தியாவில் காசநோய் அவ்வளவு அதிகம். தப்பு எங்கே வருகிறதென்றால், சளியில் கிருமி இல்லை, சி.பி.நாட் சோதனையிலும் இல்லை, திசு எடுக்கவும் இல்லை, ஆனாலும் 'சந்தேகத்துக்கு' ஆறு மாத மாத்திரை ஆரம்பிப்பதில். நுரையீரல் புற்றுநோயாளிகளில் கணிசமானவர்கள் முதலில் டி.பி. மருந்து சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் என்று இந்திய மருத்துவமனைகளிலிருந்து கட்டுரைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. மெதுவாக வளரும் கட்டிக்கே அது நஷ்டம். சில வாரங்களிலிருந்து ஓரிரு மாதங்களுக்குள் இரட்டிப்பாகும் கட்டிக்கு?

நஷ்டத்தின் கணக்கு இதுதான். ஒரு பக்க மார்புக்குள் அடங்கி, ஒரே கதிர்வீச்சு எல்லைக்குள் வந்தால் 'வரையறைக்குட்பட்ட' கட்டம். கீமோவும் கதிர்வீச்சும் சேர்த்துக் கொடுத்தால் இன்றைய நல்ல ஆய்வுகளில் நூற்றுக்கு முப்பது பேர் அளவில் ஐந்து வருஷம் தாண்டுகிறார்கள். அந்த எல்லையைத் தாண்டிப் பரவிவிட்டால், 2018ல் வந்த இம்பவர்133 ஆய்வில் கீமோவோடு இம்யூனோதெரபி சேர்த்தும் நடுமட்ட வாழ்நாள் 12.3 மாதம். சேர்க்காதவர்களுக்கு 10.3. இந்த இரண்டு கட்டங்களுக்கும் நடுவே இருப்பது சில பேருக்கு ஒரு 'உப்பு குறைஞ்சிடுச்சு', சில பேருக்கு ஒரு 'சுகர் நரம்பு'. 2024ல் வந்த அட்ரியாட்டிக் ஆய்வு வரையறைக்குட்பட்ட கட்டத்தில் கீமோ-கதிர்வீச்சுக்குப் பிறகு டுர்வாலுமாப் கொடுத்து நடுமட்ட வாழ்நாளை 33.4 மாதத்திலிருந்து 55.9 மாதமாக நீட்டிக் காட்டியது. ஆக, சீக்கிரம் பிடிபடுவதன் மதிப்பு முன்பைவிடக் கூடியிருக்கிறது.

இதில் ஒரு முரண் இருக்கிறது, இப்போது நான் தேடிப் படித்துக்கொண்டிருப்பதும் அதைத்தான். இம்யூனோதெரபி என்பது நோய் எதிர்ப்புப் படையின் கடிவாளத்தை அவிழ்த்துவிடுவது. அந்தப் படை ஏற்கெனவே நரம்புகளை அடித்துக்கொண்டிருக்கும் ஆளுக்கு இதைக் கொடுத்தால்? நரம்புக் கோளாறு மோசமான நோயாளிகள் பதிவாகியிருக்கிறார்கள். பெரிய ஆய்வுகளில் இப்படிப்பட்டவர்களைச் சேர்ப்பதே இல்லை. அதனால் கீமோவுக்கு முன்னால் மரத்துப்போதல், தள்ளாட்டம், மறதி உண்டா என்று கேட்டு எழுதி வைப்பது இப்போது சிகிச்சை முடிவையே மாற்றும் விஷயமாகிவிட்டது. இன்னொரு பக்கம், சிறுசெல் புற்றுநோயாளிகளில் ஆறில் ஒருவர் அளவில் நரம்புக் கோளாறு எதுவும் இல்லாமலே குறைந்த அளவு ஆன்டி-ஹூ ஆன்டிபாடியோடு இருக்கிறார்கள். அவர்களில் நோய் மார்பைத் தாண்டாதவர்கள் அதிகம்.